மார்ச் மாதம் சொன்னது

தியோடருக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. சர்ச்சில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் போதும், வலது கால் ஆட ஆரம்பித்துவிடும். காலோடு பெஞ்சும் ஆடும். முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் தபீதாள் அவன் முழங்காலில் கையை வைத்து அழுத்துவாள். கல்யாணமான நாளிலிருந்து நடப்பது இதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அழுத்தியும் கால் நிற்கவில்லை. காரணம் சட்டைப்பையில் இருந்தது. ஆராதனைக்கு மணி அடிப்பதற்குச் சற்று முன், பைக் நிறுத்துகிற இடத்தில் நின்றபடியே, குஜராத்தில் இருக்கும் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்கு ‘வருகிறேன்’ என்று போனில் பதில் அனுப்பிவிட்டு உள்ளே வந்திருந்தான். தபீதாளுக்குத் தெரியாது. மத்தியானம் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், அவர்கள் கிளம்பியதும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான். பக்குவமாகச் சொல்வதில் அவனுக்கு நல்ல அனுபவம். ஓசூர் வேலையை விட்டபோதும் புனே வேலையை விட்டபோதும் ஹைதராபாத் வேலையை விட்டபோதும் பக்குவமாகத்தான் சொன்னான். ஒவ்வொரு தடவையும் தபீதாள் தன் பள்ளிக்கூட வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள்.

இப்போது அவனுக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை. வாரம் முழுக்கத் திருப்பதியில் ரூம் எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய் வருவான். சனிக்கிழமை சாயங்காலம் சித்தூருக்கு வந்துவிடுவான். வேலையில் ஒரு குறையும் இல்லை. மேலதிகாரி திட்டுவதில்லை, சம்பளம் தேதி தவறுவதில்லை. குஜராத்துக்காரன் கூடுதலாகக் கொடுப்பதும் பெரிய தொகை ஒன்றும் இல்லை. பிறகு ஏனய்யா போகிறாய் என்று யாராவது சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தால் தியோடர் விழித்திருப்பான். அவனுக்கு அரித்தது, அவ்வளவுதான்.

மத்தியானம் வந்தவர்கள் அவனோடு கம்பெனியில் வேலை செய்யும் பேஸ்பால்காரர்கள். சித்தூரில் பேஸ்பாலா என்று கேட்கலாம். ஜப்பானிலிருந்து வந்த மோரி என்ற பழைய மேனேஜர் விட்டுப்போன சங்கதி அது. மைதானமும் கிடையாது, மட்டையும் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரிலேயே நடக்கும் ஆட்டம். ஆட்டக்காரர்களைக்கூடக் கம்ப்யூட்டரேதான் பெற்றுப் பெயர் வைத்து அனுப்புகிறது. ஆளுக்கொரு டீமை வைத்துக்கொண்டு யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரைப் பந்து எறியவிடுவது என்று தீர்மானிப்பதுதான் மனிதர்கள் வேலை. தினமும் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு மேட்ச் ஓடும். தியோடரின் டீம் தோத்தாபுரி டைட்டன்ஸ். மாம்பழத்தின் பெயரை ஆசையாக வைத்தான். கேண்டீனில் அதைத் ‘தோத்த புரி’ என்று பிரித்துவிட்டார்கள்.

மோரி விட்டுப்போன இன்னொன்றும் இருந்தது. சீசன் தொடங்குமுன் ஒவ்வொரு ஓனரும் தன் திட்டத்தைத் தன் வாயாலேயே போனில் பேசி, லீகின் தலைவருக்கு அனுப்பிவிட வேண்டும். அதை யாரும் கேட்கக் கூடாது, தலைவரே கேட்கக் கூடாது. சீசன் முடிந்ததும் யாராவது ஒருவர் வீட்டில் குடும்பத்தோடு கூடிச் சாப்பிட்டுவிட்டு, எல்லோர் முன்னாலும் அதைப் போட்டுக் காட்டுவார்கள். சொன்னது என்ன, செய்தது என்ன என்று அந்த ஆள் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். இந்த வருஷம் முறை தியோடர் வீட்டுக்கு.

தலைவர் கோவர்த்தனன் நகரிக்காரர். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவர், ஆட்டத்திலும் அதே கெடுபிடி. பிரியாணி முடிந்து வெற்றிலை வாயில் அடங்கியதும் போனை ஸ்பீக்கரில் இணைத்து ஹாலின் நடுவில் வைத்தார். மற்றவர்கள் முறை சிரிப்பும் கூத்துமாகப் போனது. தியோடர் நடுவில் கேட் வரைக்கும் போய் வந்தான், மோட்டார் போட்டான், நிறுத்தினான், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டவர்களையே மறுபடியும் கேட்டான்.

“ஒரு எடத்துல குந்துங்களேன்” என்றாள் தபீதாள், டீ தட்டோடு வந்தபடி.

“தியோடரு, உன் முறை. எந்திரி” என்றார் கோவர்த்தனன்.

ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. மார்ச் மாதத்துக் குரல், தெம்பாக இருந்தது. “தோத்தாபுரி டைட்டன்ஸ் தியோடர் பேசறேன். இந்த வாட்டி என் திட்டம் ஒண்ணே ஒண்ணுதான். பொறுமை. சின்னப் பசங்களா வாங்கப் போறேன். மொதல்ல தோப்பானுங்க, தோக்கட்டும். மழைக்காலம் வர்ற வரைக்கும் ஒருத்தனையும் விக்க மாட்டேன். ஹராடான்னு ஒரு பையன் கீறான், பந்து எறியறவன். அவன்மேல கை வெக்கவே மாட்டேன்.”

ஹால் வெடித்துச் சிரித்தது. மழைக்காலமாவது, மாங்காய் சீசன்கூட முடியவில்லை, அதற்குள் மொத்த டீமையும் மாற்றிவிட்டிருந்தான். ஹராடாவை முதல் சில மேட்ச் தோற்றதுமே இன்னொரு டீமின் ஓனர் சுரேஷ்பாபுவிடம் தள்ளிவிட்டு, பந்தை அடிக்கிற வயசானவன் ஒருவனை வாங்கினான். அந்தக் கிழவன் தோள்பட்டை பிசகிப் பாதி சீசன் படுத்திருந்தான். ஹராடா சுரேஷ்பாபுவுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தான். ஒரு ஆளை விற்றால் அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று லீகில் ஒரு விதியே உண்டு. தியோடரின் அவசரத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுப் போட்ட விதி. அவன்தான் அதை ஒரு தடவையும் தொட்டதில்லை.

“அன்னா, நிஜங்கா சொல்றேன், உனக்கு சாலா தேங்க்ஸ்” என்று சுரேஷ்பாபு தெலுங்கு கலந்த தமிழில் நன்றி சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“சிரிப்பு இருக்கட்டும்” என்றார் கோவர்த்தனன். “பதில் சொல்லு. ஹராடாவை ஏன் வித்த? அவன்கிட்ட என்னா கோளாறு?”

தியோடர் ஏதாவது சாக்குச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். உண்மைதான் வந்தது. “அவன்கிட்ட ஒரு கோளாறும் இல்ல. எனக்குத்தான் சும்மா இருக்க முடியல.”

சொன்னதும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கோவர்த்தனன் அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார். ஆனால் ஸ்பீக்கர் ஓயவில்லை. அன்றைக்குப் பேசி முடித்தவன் பதிவை நிறுத்த மறந்திருக்கிறான். குக்கர் விசில் ஒன்று கேட்டது. அப்புறம் தபீதாளின் குரல்.

“என்னாங்க, யாரோட பேசிக்கினு இருந்தீங்க?”

“ஆட்டத்துக்கு மெசேஜ் போட்டேன். நீ என்னா, சொல்லு.”

“ஸ்கூல்ல நாளைக்குப் பதில் கேக்கறாங்க. ஹெச்.எம். போஸ்ட்டு. ஒத்துக்கினு, நடுவுல உட்டுட்டு உங்க பின்னால வந்தா அசிங்கம். உங்கள நம்பி ஒத்துக்கலாமா, வேணாமா?”

“ஒத்துக்க. கேசியா பத்தாவது முடிக்கிற வரைக்கும் நான் எங்கயும் போவ மாட்டேன்.”

“நெஜமா?”

“நெஜமாத்தான். போ, போய்ச் சொல்லு.”

பதிவு அங்கே அறுந்தது. கோவர்த்தனன், குடும்ப விஷயம் காதில் விழுந்துவிட்ட கூச்சத்தில் போனைத் தடவிக்கொண்டிருந்தார். தபீதாள் மட்டும் சிரித்தாள். ஜூன் மாதத்திலிருந்து அவள் தலைமையாசிரியை. மகள் கேசியா இந்த வருஷம்தான் ஒன்பதாவது. தட்டைத் தூக்கிப் பிடித்தபடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“பார்த்தீங்களா, டீமைத்தான் கூறு போட்டு வித்தாரு. இந்தச் சொல்லைக் காப்பாத்திட்டாரு இல்ல?” அவள் முகத்தில் பெருமை. கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் புருஷனுக்குப் பரிந்து பேசுகிற பெருமை.

தியோடரின் கால் ஆடவில்லை. காலையிலிருந்து ஆடிய கால், அப்போது கல்லாக நின்றது. இப்போது சும்மா இருந்தால் போதும், எல்லோரும் கிளம்பிய பிறகு பக்குவமாகச் சொல்லலாம். ஆனால் அந்தப் பெருமையைப் பார்த்த பிறகு எந்தப் பக்குவமும் செல்லாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“காப்பாத்தல, தபீதா” என்றான். “குஜராத்துல ஒரு வேலை. வரேன்னு சொல்லிட்டேன்.”

சுரேஷ்பாபு டீயை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே வைத்தான். யாரோ குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

“எப்போ?” என்றாள் தபீதாள்.

“காலைல. சர்ச்சுல மணி அடிக்கறதுக்கு முன்னாடி.”

அவள் குரல் உயரவில்லை. “பிரசங்கம் முழுக்க உங்க முழங்கால்ல கைய வெச்சிக்கினு உக்காந்திருந்தேன்.”

அவள் கத்தியிருந்தால் தியோடர் தாங்கியிருப்பான். அழுதிருந்தாலும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பான். இதைக் கேட்டுத் தலை குனிந்தான்.

தபீதாள் கோவர்த்தனன் பக்கம் திரும்பினாள். “அண்ணா, உங்க ஆட்டத்துல வாபஸ்னு ஒண்ணு இருக்குதாமே. அது எத்தினி மணி வரைக்கும்?”

கோவர்த்தனன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். “அன்னைக்கு ஆறு மணி வரைக்கும்மா.”

“சரி” என்று சொல்லி, காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

தியோடர் பின்கட்டுக்குப் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். வேலையை விடுவதாக எழுதுவது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. விடவில்லை என்று எழுதித்தான் பழக்கமில்லை. குஜராத் கம்பெனிக்கு அடித்து அடித்து எழுதினான். இங்கே நான் சொன்ன சொல் ஒன்று பாக்கி இருக்கிறது, அதனால் வர இயலாது, மன்னிக்கவும் என்ற அளவில் வந்து நின்றது. அனுப்பினான். உடனே உள்ளங்கை அரித்தது, எழுந்து நாலு நடை நடக்க வேண்டும் போல இருந்தது. நடக்காமல் உட்கார்ந்திருந்தான். அரிப்பு போகவில்லை. இது போகவே போகாது, இதோடுதான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான்.

யாரும் கிளம்பியிருக்கவில்லை. கிளம்புவதா இருப்பதா என்று தெரியாமல் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தபீதாள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. அவன் போனை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி, அனுப்பியதை நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“தபீதா, இனிமே நான்…” என்று தொடங்கினான்.

“இருங்க” என்று கையைக் காட்டி நிறுத்தினாள். “கோவர்த்தனன் அண்ணா, உங்க போனை எடுங்க. ரெகார்டு பண்ணுங்க.” அவர் எடுக்கும்வரை காத்திருந்தாள். “ம், இப்ப சொல்லுங்க.”