ராஜ நெருப்பு வந்த வழி

ஊரில் அடுப்பை அணைத்து இரண்டு நாளாயிற்று. வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். அறுவடை முடிந்து பிறை தெரிந்ததும் எங்கள் ராஜா முத்தாபாவின் தூதன் வருவான். அவன் வருவதற்குள் எந்த வீட்டிலும் ஒரு கங்குகூட இருக்கக் கூடாது. அரண்மனையிலிருந்து சட்டியில் அவன் கொண்டுவரும் நெருப்பை மண்டியிட்டு வாங்கித்தான் புதிதாக மூட்ட வேண்டும். வாங்கினால் ராஜாவின் ஜனம். பழைய நெருப்பை வைத்திருந்தால் கலகக்காரர்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள், குடிசையைக் கொளுத்துவார்கள், தலையும் போகலாம். கொளுத்துகிற நெருப்பு எந்த அடுப்பிலிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஊர்த்தலைவன் முஜெங்கி வீடு வீடாகப் புகுந்து சாம்பலுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போனான். தூதனைத்தான் காணோம். புளித்த பாலும் பச்சை நிலக்கடலையுமாக ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

என் பாடு வேறு. மாமியார் செத்து ஒரு வருஷம் ஆகிறது. நாளைக்குக் கேழ்வரகுக் கள் ஊற்றி அவள் ஆவியை வீட்டுக்கு அழைக்க வேண்டும். அதுவரை செத்தவர்கள் ஆவி காட்டில்தான் அலையும். ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, ஆறு நாள் உழைத்தாயிற்று. இன்று கடைசிக் கொதி கொதிக்காவிட்டால் அத்தனையும் பாழ். உயிரோடு இருந்தபோதே என் கள்ளில் குற்றம் கண்டுபிடித்தவள் அவள். கெட்டுப்போனதை ஊற்றினால் சும்மா விடுவாளா? ஆனால் எவ்வளவு சண்டை போட்டாலும் எனக்கு அவளைப் பிடிக்கும். ஒரு வருஷமாகக் காட்டில் அலைகிறவளை இன்னும் வெளியே நிறுத்தி வைக்க எனக்கு மனசில்லை.

அதனால் வீட்டடுப்பை எல்லோரும் பார்க்க அணைத்துவிட்டு, கங்குகளை மட்டும் பின்னால் இருந்த பாறை இடுக்குக்குக் கொண்டு போய்விட்டேன். அங்கே பெரிய பானையை ஏற்றிக் கிளறிக்கொண்டிருந்தபோது என் புருஷன் தாபேரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

"அடியே சிஹேரா, என்னடி இது புகை?"

"உங்கம்மா குளிர் காயறாங்க."

"விளையாடாதே. முஜெங்கி பார்த்தான்னா என் மாடு போச்சு."

"மாடு மட்டுமா, தலையும் போகும். முதல்ல மாட்டைச் சொல்றீங்க பாருங்க!"

அவருக்குச் சட்டென்று வயிற்றுவலி வந்து, மாட்டுப்பட்டிப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டார். சிஹேரா என்பது என் பெயரல்ல, என் குலம். எங்கள் குலத்துப் பெண்கள் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார்கள் என்று நாடே சொல்லும். ஊர் வாயை நான் பொய்யாக்குவானேன்?

கொதி வரும் நேரத்தில் பாறைக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. தலையில் கழுகிறகு. கழுத்தில் சங்கில் அறுத்த அரண்மனை வட்டு. முத்தாபாவின் தூதன் கோண்டோ! அகப்பை என் கையிலிருந்து நழுவிப் பானைக்குள் விழுந்தது.

"ஏய் பொம்பளை! என்ன இது?" என்றார் கோண்டோ, பாறையிலிருந்து இறங்கியபடியே.

"கள்ளுங்கய்யா."

"கீழே?"

"நெருப்புங்கய்யா." இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் என்னைப் பார்க்கவில்லை. நெருப்பையே பார்த்தார். அப்படி ஒரு பார்வையைப் பசித்த குழந்தையிடம்தான் பார்த்திருக்கிறேன். அவர் கையிலிருந்த ராஜ சட்டியைப் பார்த்தேன். அதிலிருந்து ஒரு இழை புகைகூட வரவில்லை. எட்டிப்பார்த்தால் உள்ளே கறுப்புச் சாம்பல்.

"ஐயா, ராஜா நெருப்பு தூங்குதுங்களா?"

"வாயை மூடு."

"கட்டையைக் கடைஞ்சு மூட்டியிருக்கலாமே?"

அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கொப்புளம் கொப்புளமாக இருந்தது. அரண்மனையில் உட்கார்ந்து தின்றவருக்குக் கடைகட்டை எங்கே பழக்கம்! எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, மறுபக்கம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"தாயி," என்றார். பொம்பளை அதற்குள் தாயி ஆகிவிட்டாள். "ரெண்டு கங்கு குடு. உன்னை நான் பார்க்கலை."

"நானும் உங்க சட்டியைப் பார்க்கலை. ஆனா நெருப்பு கேக்கிற முறைன்னு ஒண்ணு இருக்கே. எப்படிங்கய்யா அது? மண்டி போட்டு, கை தட்டி..."

"எனக்கேவா?"

"ராஜா வச்ச முறைங்க. நான் என்ன செய்ய?"

முறைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கழுகிறகு பாறையில் இடிக்க மண்டியிட்டு, இரண்டு கையையும் குவித்து மெல்லத் தட்டினார். கொப்புளம் வலித்திருக்க வேண்டும், முகம் கோணியது. நான் நல்ல கங்காகப் பொறுக்கிப் போட்டேன்.

சற்று நேரத்தில் ஊர்நடுவே முரசு அதிர்ந்தது. முஜெங்கி முன்னால், பின்னால் ஊர் முழுக்க மண்டியிட்டோம். கோண்டோ சட்டியை உயர்த்திப் பிடித்தபோது அது அந்தக் கொப்புளக் கைதான் என்று நம்பவே முடியவில்லை, அவ்வளவு கம்பீரம்.

"பார்த்தீங்களா நிறத்தை!" என்று முஜெங்கி உருகினான். "நம்ம வீட்டு நெருப்பு இப்படி எரியுமா? ராஜ நெருப்பு ராஜ நெருப்புதான்."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கடித்தது போதவில்லை போலிருக்கிறது. முஜெங்கி திரும்பி என்னைப் பார்த்துவிட்டான்.

"தூதரய்யா, இதோ சிரிக்கிறாளே, தாபேரா பொண்டாட்டி, இவ அடுப்பை அணைக்கலை. பின்னால பாறையில புகை வந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

கை தட்டல் நின்றது. என் புருஷன் எனக்குப் பக்கத்தில் நிஜமாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கோண்டோ என்னைக் காட்டிக்கொடுத்தால் நான் செத்தேன்; நான் வாய் திறந்தாலோ, கலகக்காரி பேச்சை யார் நம்புவார்கள்?

கோண்டோ நிதானமாகக் கேட்டார். "எப்போ பார்த்தே?"

"நேத்து சாயங்காலமே பார்த்துட்டேங்கய்யா!" என்றான் முஜெங்கி பெருமையாக.

"நேத்தே. சரி. கலகக்காரின்னு தெரிஞ்சும் ராத்திரி முழுக்க ஊருக்குள்ள வச்சிருந்தே. அரண்மனைக்கு ஆள் அனுப்பலை. கங்குகளை நீயே போய் அணைக்கவும் இல்லை. முத்தாபா கேட்டா, அந்த வீட்டோட உன் வீட்டையும் சேர்த்தே சொல்லட்டுமா?"

முஜெங்கியின் முகத்தில் ஓடிய நிறங்களை எந்த நெருப்பிலும் காணமுடியாது.

"புகைன்னு நிச்சயமாச் சொல்ல முடியாதுங்கய்யா," என்றான் மெதுவாக. "ஆத்துப்பக்கம் பனி இறங்கிச்சு."

"பனியா?"

"பனிதாங்கய்யா. கனத்த பனி."

"பனிதான்," என்று ஊரே சொன்னது. என் புருஷன்தான் எல்லோரையும்விட உரக்கச் சொன்னார்.

நானும் மண்டியிட்டுக் கை தட்டி, என் நெருப்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கள் நன்றாகவே கொதித்திருந்தது.

கோண்டோ கிளம்பும்போது வழிக்கு ஒரு சுரைக்குடுவையில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்தில் யாரும் இல்லை.

"ஐயா, அடுத்த வருஷமாவது சட்டியைப் பத்திரமாப் பார்த்துக்குங்க. எல்லா வருஷமும் ஒரு சிஹேரா கிடைக்கமாட்டா."

அவர் குடுவையை இறக்கி வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பன்னெண்டு வருஷமா நடக்கிறேன் தாயி. அரண்மனை நெருப்பு ஒரு தடவைகூட இந்த ஆத்துப்பக்கம் வந்ததில்லை. எட்டு நாள் நடை, எந்தக் கங்கு தாங்கும்? ஏதாவது ஒரு ஊர்ல உன்னை மாதிரி அடங்காதவ ஒருத்தி இருப்பா, அவகிட்ட வாங்கிப்பேன். இந்த வருஷம் அக்கரையில நாலு ஊரை ஒளிஞ்சு ஒளிஞ்சு பார்த்துட்டேன். அத்தனை அடுப்பும் ஜில்லுனு கிடக்கு. எல்லாரும் திடீர்னு நல்லவங்களாயிட்டாங்க. ராஜ்யமே முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டேன்."

சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர் திரும்ப ஆற்றில் இறங்கினார். இந்நேரம் அந்த நாலு ஊர் நல்லவர்களும் மண்டியிட்டு என் மாமியாரின் கள்ளடுப்புக்குக் கை தட்டிக்கொண்டிருப்பார்கள்.