தோளை விட்டு இறங்காத பையன்

அந்த ஏரிக்கரையில் தாத்தாவின் தோளில் ஏறிய இரண்டு வயதுப் பேரன் ஏழு வருஷம் கழித்துத்தான் கீழே இறங்கினான். ஏறிய அன்று வெயில் இதமாக இருந்தது. படகுச் சவாரிக்கு நல்ல கூட்டம்.

தாத்தா ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். அவருடைய ஒரே மகள் கடல் தாண்டிய ஒரு நகரத்து மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவளாக இருந்தாள். கணவனுக்குக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வை வேலை. பள்ளிக்குப் போகும் பெண் ஒன்று, அதற்கு அடுத்து இந்தப் பையன். பையன் பிறந்ததிலிருந்தே அவள், "வந்து ஊரைச் சுத்திப் பாருங்க" என்று பெற்றோரை ஃபோனில் அழைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் டிக்கெட்டும் எடுத்து அனுப்பினாள். வந்திறங்கிய மறுநாளே பெரியவர்கள் இருவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பிப் போக, பால் புட்டியும் டயப்பரும் வீட்டுச் சாவியும் இவர்கள் கைக்கு வந்தன. ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியை வெளியே தள்ளினார், உள்ளே இழுத்தார். யாரும் குறை சொல்லவில்லை, பேரப்பிள்ளைகள்தானே. ஆனால் மகளுக்குத்தான் உள்ளுக்குள் உறுத்தியது. ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டு ஏரிக்கு எல்லோரையும் கூட்டிப்போனாள்.

வழியெல்லாம் அவளுடைய அம்மாவுக்கு வாந்தி. வேனை ஓட்டிய மருமகன் ஒவ்வொரு திருப்பத்திலும் தடுமாறினான், பின்சீட்டிலிருந்த பழைய ஓட்டுநரின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. ஏரிக்கு வந்து சேர்ந்தபோது மகள் ஏற்கெனவே கொதித்துப் போயிருந்தாள். வரிசையில் நின்றிருந்தபோது, பிள்ளை கொஞ்சம் நடக்கட்டுமே என்று பெரியவர் பையனை இறக்கிவிட்டார். அவன் தண்ணீரைப் பார்த்து ஓடிச் சறுக்கி விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டான்.

"பிள்ளையைக் கீழ விடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று கத்தினாள் மகள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதுக்குத்தானே உங்களை வரவழைச்சேன்!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. மொழி புரியாதவர்களுக்கும் புரிந்துவிட்டது. அம்மா மட்டும், "அதானே பார்த்தேன்" என்றாள், ஏரியைப் பார்த்தபடி. பெரியவர் பையனின் உதட்டைத் துடைத்தார், தூக்கித் தோளில் உட்காரவைத்தார். "சரிம்மா, இனிமே விடலை" என்றார்.

சாயங்காலம் தங்கியிருந்த வீட்டில் குளிப்பாட்டுவதற்காக மகள் கையை நீட்டினாள். பையனும் கையை நீட்டினான். ஆனால் வரவில்லை. மருமகன் இழுத்தான், சுவரிலிருந்து ஜன்னலை இழுப்பது போலிருந்தது.

"மாமா, கொஞ்சம் விட்டுக்கொடுங்க."

"நான் பிடிக்கவே இல்லையே, மாப்பிள்ளை" என்று அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

சட்டையைக் கத்தரித்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. அந்த ஊர் டாக்டர் அழுத்திப் பார்த்து, தோள்வலிக்குத் தைலம் எழுதிக்கொடுத்தார். முன்பதிவு செய்தவற்றை ரத்து செய்ய முடியாதென்பதால் மீதிப் பயணத்தையும் முடித்துக்கொண்டே திரும்பினார்கள். மலையேறும் கம்பிவண்டியில் இருவரையும் ஒரே ஆளாகக் கணக்கிட்டார்கள்.

வீடு திரும்பியதும் மகளே படம் எடுத்தாள். மூச்சை இழுங்க, பிடிச்சுக்கங்க, விடுங்க என்று அந்நியரிடம் சொல்வது போல அப்பாவிடம் சொன்னாள். படத்தில் பையனின் தொடையெலும்புக்கும் தாத்தாவின் தோளெலும்புக்கும் இடையே எதுவும் இணைந்திருக்கவில்லை. நூல் கனத்துக்கு ஓர் இருட்டுக் கோடு தெளிவாகத் தெரிந்தது. "ஒட்டவே இல்லையே, எடுத்துடலாமே" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் மட்டும் அந்தக் கோட்டைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

அதன்பின் அவர் சோபாவில் உட்கார்ந்தபடி தூங்கினார், கதவுகளில் மண்டியிட்டு நுழைந்தார். மகள் ஸ்டூல் போட்டு ஏறிப் பிள்ளைக்கு ஊட்டினாள். விசா முடிந்தது. அலுவலகத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டு, மேலே இருப்பவர் தங்கலாம், கீழே இருப்பவர் கிளம்ப வேண்டும் என்று சட்டப்படி சொன்னார்கள்.

"நீயும் வந்துடேன் எங்களோட" என்றாள் அம்மா.

"பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. எனக்கு வேலை இருக்கு. ஒரு வருஷம் பொறுத்துக்கங்க, வந்து கூட்டிட்டுப் போறேன்."

எப்படிக் கூட்டிப்போவாய் என்று யாரும் கேட்கவில்லை. விமான நிலையத்தில் சோதனை வாசலுக்குள் இருவரையும் பக்கவாட்டில் நுழைத்து அனுப்பினார்கள். பையன் உயரத்திலிருந்து கையசைத்தான். திரும்பும் வழியில் காரிலேயே அவள் தூங்கிப்போனாள். இரண்டு வருஷத்தில் அப்படியொரு தூக்கம் அவள் தூங்கியதில்லை. அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட.

சொந்த ஊரில் தெரு சீக்கிரமே பழகிக்கொண்டது. தையல்காரர் தோளில் பொத்தான் வைத்துச் சட்டை தைத்துக் கொடுத்தார். பள்ளியில் தாத்தாவைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவரும் மூன்றாம் வகுப்புவரை மறுபடி படித்தார், கணக்கில் பையனைவிடச் சுமார். பையன் வளர வளர அவர் முதுகு வில்லாக வளைந்தது. மகள் ஃபோனில் அழைத்தால் திரையில் அப்பா தெரிவார், ஃபோனைத் தூக்கிப் பிடித்தால் பையன் தெரிவான், இருவரும் சேர்ந்து தெரிந்ததில்லை. லீவில் அவள் இரண்டு முறை வந்து போனாள். இரண்டு முறையும் ஸ்டூல் தேவைப்பட்டது.

"வலிக்குதாப்பா?" என்று கேட்பாள்.

"பழகிடுச்சு."

ஒருநாள், "அப்பா, அன்னைக்கு அந்த ஏரிக்கரையில..." என்று தொடங்கினாள்.

"சிக்னல் சரியில்லம்மா" என்றார் அவர். குரல் தெள்ளத்தெளிவாகக் கேட்டது.

ஏழாம் வருஷம் ஒரு முற்பகலில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் இறந்துபோனார். தொடைக்குக் கீழே மூச்சு ஏறி இறங்காததை முதலில் அறிந்தவன் பையன்தான். கொஞ்சநேரம் காத்திருந்தான். பிறகு, தன் நிறுத்தம் வந்ததும் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவனைப் போல, யாருடைய உதவியும் இல்லாமல் இறங்கினான். கால்கள் தாங்கவில்லை. தவழ்ந்து சமையலறைக்குப் போய்ப் பாட்டியிடம் சொன்னான்.

மகள் வந்து சேர்ந்தபோது வாசல் நிறைய ஆட்கள். "பையன் இறங்கிட்டானாமே?" என்று கேட்டவர்களுக்கு, "இறங்கிட்டான்" என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் கூடத்துச் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தான். ஏழு வருஷத்தில் முதல்முறையாக அவள் மகனைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"வாடா கண்ணா, அம்மா தூக்கிக்கறேன்" என்று அவன் இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கோத்தாள். மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். அசையவில்லை. மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையின் கனம்தான், வேறு எதுவுமில்லை.

அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் பிரித்துவிட்டான்.

"பரவாயில்லைங்க" என்றான். "நானே நடந்துக்கறேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு தாத்தா இருந்த இடத்துக்குப் போனான். வழியில் நின்றவர்கள் கால்களை ஒடுக்கிக்கொண்டு அவனுக்கு வழிவிட்டார்கள்.