தேவகனி போட்ட சாம்பிராணி

புதுத் துறைமுகம் திறந்த வருஷம் எனக்குக் குடல் அடைத்துக்கொண்டது. பாளையங்கோட்டை டாக்டர் புண்பட்ட குடலை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றின் வலப்பக்கம் ஒரு வாசல் வைத்துவிட்டார். போக வேண்டியதெல்லாம் அந்த வழியாக, இடுப்பில் கட்டிய ரப்பர் பைக்குள் போய்விடும். நம் உத்தரவையெல்லாம் கேட்காது. சத்தம் வேறு போடும்.

உடம்பு தேறியதும் டாக்டர் சொன்னார்: "வாசலை மூடிட்டு, குடலைப் பழையபடி சேர்க்கலாம். ஆனா உள்ளே இன்னும் முழுசா ஆறலை. தையல் விட்டுப்போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. இப்படியே இருந்தாலும் ரொம்ப காலம் வாழலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது, மூடிவிடுங்கள் என்றேன். அடுத்த மாதம் வரச் சொன்னார். பஸ் தூத்துக்குடி வந்து சேரும்வரை, கூட வந்த என் மனைவி தேவகனி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

என் அவசரத்துக்குக் காரணம் சாம்பிராணி. மெழுகுவர்த்தி ஏற்றவே யோசிக்கிற சபை எங்களுடையது. சாம்பிராணியை மாதா கோவில்காரர்களுக்கும் முருகன் கோவில்காரர்களுக்கும் எப்போதோ விட்டுக்கொடுத்துவிட்டோம். அப்படிப்பட்ட வீட்டில், நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே தேவகனி மண்சட்டியில் கங்கு எடுத்து, காலையும் மாலையும் புகை போட ஆரம்பித்தாள். கட்டினவளுக்கே என் நாற்றம் தாங்கவில்லையென்றால் நான் இருந்து என்ன என்று தோன்றிவிட்டது. செத்தாலும் சரி, அவள் நிம்மதியாக மூச்சு விடட்டும். அவளிடம் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஒரு சாயங்காலம் எங்கள் சபை உபதேசியார் பொன்னுதுரை எனக்காக ஜெபிக்க வந்தார். வந்தவர் நடையிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்ன அண்ணாச்சி, வீட்டுல சாம்பிராணி மணக்கு? சபையில ஒரு மாதிரியா பேசுதாவ."

"கொசுவுக்குப் போட்டேன், ஐயா" என்றாள் தேவகனி.

எனக்கு அந்தப் பொய் பொறுக்கவில்லை. "கொசுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் என் நாத்தந்தான். அவளும் எத்தனை நாளைக்குத் தாங்குவா? அடுத்த மாசம் வயித்தை மூடிட்டா புகையும் நின்னுரும், ஐயா."

தேவகனி என்னையே பார்த்தாள். பிறகு சட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வந்தாள்.

"எனக்காகவா மூடப் போறிய?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"உங்களைப் பாக்க வாரவுக மூக்கைப் பொத்திரக்கூடாதேன்னு போட்டேன். பொத்துனா நீங்க ஒடஞ்சு போவியளேன்னு போட்டேன். நீங்களா ஒண்ணை நெனச்சுக்கிட்டு சாவுக்குத் தேதி வாங்கிட்டு வந்திருக்கிய."

"அப்போ உனக்கு நாறலையா?"

"நாறத்தான் செய்யுது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து துறைமுகத்துல கருவாட்டு மூட்டை எண்ணிட்டுத்தான வாரிய. அது என்ன, மல்லியப்பூவா மணந்துச்சு? உங்களை வெளியவா படுக்கப் போட்டேன்?" அவள் குரல் உடைந்துவிட்டது. "எனக்கு நீங்க இருக்கணும். அம்புட்டுத்தான்."

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. "சரி. மூட வேண்டாம்னு டாக்டர்ட்ட சொல்லிருதேன்" என்றேன்.

எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த உபதேசியார், "ஜெபிப்போமா?" என்றார். கண்ணை மூடினோம். பாதி ஜெபத்தில் என் வயிறு நீளமாக ஒரு சத்தம் போட்டது. எப்போதும் கையை வைத்து அமுக்கிக்கொள்வேன். அன்று அமுக்கவில்லை. உபதேசியார் ஜெபத்தை நிறுத்திவிட்டார்.

"ஆமென்" என்றாள் தேவகனி. "நீங்க மேல சொல்லுங்க, ஐயா."