பின்வாசல் வழி

ஏரிப் பூங்காவின் முன்வாசலுக்குப் போகும் தெருவில் வெள்ளைக் கூடாரம் போட்டிருப்பதைக் கண்டதும் யோக் சிம் குடையை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். சாவு வீடு. யார் வீடு என்று எட்டிப் பார்க்கக் கூடாது; வாசலில் வைத்திருக்கும் படத்தைப் பார்க்கவே கூடாது. வீட்டில் மகள் ஹுய் லிங் பிள்ளையாண்டிருக்கிறாள். கல்யாணமாகி ஊரிலுள்ள கோயில்களையும் டாக்டர்களையும் ஒன்று விடாமல் பார்த்தபிறகு தங்கிய வயிறு. அதனால் யோக் சிம் வந்த வழியே திரும்பி, பூப்பந்து மைதானத்தை ஒட்டிய சாக்கடைப் பாலத்தைத் தாண்டி, பின்வாசல் வழியாக உள்ளே போனாள். ஓதுகிற குரலும் மணிச் சத்தமும் ஏரியைத் தாண்டி வந்து கேட்டுக்கொண்டிருந்தன.

அன்று நீலத் தொப்பி வரவில்லை.

அவருக்கு அவள் வைத்த பேர் அதுதான். அவளுக்கு அவர் வைத்தது வாயாடி. பூங்காவில் யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. ரேடியோவை இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பவர் ரேடியோ, மரத்தில் முதுகை இடித்துக்கொள்ளும் சீமாட்டி மரங்கொத்தி. பழகிய முதல் வாரத்தில் பேரைக் கேட்டிருந்தால் கேட்டதுதான். வருஷக்கணக்காகக் கூடவே நடந்து, முழங்கால் வலியிலிருந்து மருமகள் சமையல்வரை பேசித் தீர்த்த மனுஷரிடம் போய் உங்கள் பேர் என்ன என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? அவரும் அதே கூச்சத்தில்தான் இருந்திருப்பார். கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடக்கும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்த்து அவள் சிரிப்பாள். ஏரியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு முன்வாசலில் மாஸ்னியின் கடையில் தேநீர் குடிப்பார்கள். அவ்வளவுதான் உறவு. புருஷன் போனபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அந்த இரண்டு சுற்றில்தான்.

அதற்கு முந்தின நாள்தான் அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"உங்க போன் நம்பர் குடுங்களேன். மழை வந்தா நான் வரலேன்னு சொல்லலாம்ல."

"மழை வந்தா வரமாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதாக்கும். இந்த வயசுல நம்பர் ஒரு கேடா? உங்க பிள்ளைங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டுமே. நீங்க திட்டுறதையெல்லாம் வீட்டுல சொல்லிட்டுத்தான இருக்கேன்."

"நாளைக்குப் பாக்கலாம். இப்ப நடங்க, ஆமை முந்திடும்," என்றாள் யோக் சிம்.

அவர் சிரித்தார். ஆனால் அடுத்த சுற்றில் அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போது அவளுக்கு மனசுக்குள் குறுகுறுவென்று சந்தோஷமாக இருந்தது. நாளைக்கு நம்பரைக் கொடுத்துவிடுவோம், அதோடு கூச்சத்தை விட்டுப் பேரையும் கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்திருந்தாள்.

அந்த நாளைக்கு அவர் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தாள். வயசான மனுஷர் வாய்விட்டுக் கேட்டதற்கு வெடுக்கென்று பேசினால் வருவாரா? முதலில் அவர்மேல் எரிச்சல் வந்தது, பிறகு தன் வாய்மேல் வந்தது. ரேடியோவையும் மரங்கொத்தியையும்கூடக் காணோம். பூங்காவே வெறிச்சென்று கிடந்தது. காய்ச்சல் பரவுகிறதோ என்னவோ என்று தனியாகவே சுற்றினாள்.

"கூடாரத்தை எடுத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டாள் ஹுய் லிங்.

"நான் அந்தப் பக்கமே திரும்பல."

"நல்லது. எடுக்குறவரைக்கும் சுத்தியே போ."

கூடாரம் போன காலையில் அவள் வழக்கமான நேரத்துக்கு முன்பே கிளம்பி முன்வாசல் வழியாக வந்தாள். இன்றைக்கு வந்துவிட்டால் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். நாசி லெமாக் சோற்றை வாழையிலையில் மடித்துக்கொண்டிருந்த மாஸ்னி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன ஆன்ட்டி, உங்கள அங்க காணவேயில்ல? பார்க் ஆளுங்க எல்லாரும் தெனமும் வந்து ஒக்காந்திருந்தாங்க."

"எங்க?"

மாஸ்னி வாழையிலையைக் கீழே வைத்தாள். "தெரியாதா? நீலத் தொப்பிதான், ஆன்ட்டி. தூக்கத்துலயே போயிட்டாரு. இந்தத் தெருவுலதான வீடு. அவ்ளோ பெரிய படம் வெச்சிருந்தாங்களே. உங்களுக்குத்தான் மொதல்ல தெரிஞ்சிருக்கும்னு நாங்க நெனச்சோம்."

யோக் சிம் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு காலையும் தெருமுனைவரை வந்திருக்கிறாள். ஒவ்வொரு காலையும் அவர் படத்துக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள். ஏரிக்கு அந்தப் பக்கம் நின்று, அவருக்காக ஓதியதைக் கேட்டுக்கொண்டே, அவர் வரவில்லையே என்று கோபப்பட்டிருக்கிறாள்.

"அவரு பேரு என்ன?" என்று கேட்டாள்.

"சீன எழுத்துல போட்டிருந்தாங்க. எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் மாஸ்னி.

அவள் போனபோது அந்த வீட்டு வாசலில் நடுத்தர வயதுக்காரன் ஒருவன் ரப்பர் குழாயைப் பிடித்துத் செத்தவருக்காகத் தாள் எரித்த சாம்பலைக் கழுவிக்கொண்டிருந்தான். சட்டைக் கையில் துக்கத்துணி குத்தியிருந்தது. அதே அகன்ற நெற்றி. மகனாகத்தான் இருக்க வேண்டும்.

"யாரு வேணும் ஆன்ட்டி?"

"அப்பா பேரு என்ன தம்பி?"

"தியோ கிம் ஹோக். அப்பாவத் தெரியுமா?"

"பார்க்குல பாத்திருக்கேன்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவர்கூட ஒரு அம்மா நடப்பாங்களாம், வாயாடின்னு சொல்வாரு. தெனமும் திட்டு வாங்கிட்டு வந்து சிரிப்பாரு. பேரு கேட்டா அவருக்கே தெரியல. பெட்டிய மூடணும்னு பூசாரி அவசரப்படுத்துனாரு. அந்தம்மா வந்துருவாங்க, இன்னும் கொஞ்ச நேரம் இருங்கன்னு நான்தான் நிறுத்தி வெச்சேன்."

நான்தான் அது என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் ஏன் வரவில்லை என்று கேட்பான். தெருமுனைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன் என்று எப்படிச் சொல்வது?

"பாத்தா அவங்ககிட்ட சொல்றீங்களா?" என்றான் அவன்.

"என்னன்னு சொல்லட்டும்?"

"பெருசா ஒண்ணுமில்ல. காத்திருந்தோம்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

அவள் நனையாமல் கடந்து போகட்டுமென்று அவன் குழாயை ஓரமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டான். அவளுக்குக் கால் எழவில்லை. கறுத்த தண்ணீர் அவள் செருப்பைச் சுற்றிப் பிரிந்து சாக்கடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"வழுக்காது ஆன்ட்டி, போங்க," என்றான் அவன்.