மலைமேல் கேட்ட இடம்

சவப்பெட்டி ஏற்றிய வேன் கல்வராயன் மலைப்பாதையில் திணறி ஏறியது. வளைவுகளில் பெட்டி நழுவாமல் எட்வின் முழங்காலால் முட்டுக் கொடுத்திருந்தான். உள்ளே அப்பா சின்னப்பன். எதிரில் அம்மா ஆனந்தமேரி. இறங்கி ஓடவும் வழியில்லை, வாயைத் திறக்கவும் வழியில்லை.

மூங்கில்துறைப்பட்டில் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அப்பாவைப் பெற்றவர்கள் அங்கேதான் கிடக்கிறார்கள். மனுஷன் கேட்டால்தானே! மகன் கட்டும் தொலைநோக்கிக்குப் பக்கத்தில்தான் கிடப்பேன் என்று பங்குச்சாமியாரிடம் அடம்பிடித்து, மலைமேல் கரியாலூரில் இடம் வாங்கிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

அந்தத் தொலைநோக்கி கரியாலூருக்கு வரப்போவதே இல்லை. கல்யாண மண்டபம் அகலத்துக்குக் கண்ணாடி. நூற்றுக்கணக்கான துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். அவற்றைத் தாங்கும் சட்டங்களை எட்வின் பெங்களூரில் வடிவமைக்கிறான். அது நிற்கப்போவது கடல் தாண்டி, மழை எட்டிப் பார்க்காத ஒரு மலையில். அங்கே வானம் எப்படி என்று அளக்கும் கருவியை, அனுப்புமுன் ஓட்டிப் பார்க்கத்தான் கரியாலூருக்குக் கொண்டுவந்தான். அதற்கு ஒரு சிமெண்ட் மேடை கட்டினான். அஸ்திவாரமே போட்டாயிற்று என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். மலையேறி வந்து, மேடையில் ஆடு உரசாமல் காவல் இருந்தார். சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு டிராக்டரோடு நின்றவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்தார். எப்போது கட்டுவீர்கள் என்று அப்பா கேட்டபோதெல்லாம் "பாக்கலாம்பா" என்றான் எட்வின். அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டான், பாவி.

குழிக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கினார்கள். இப்போது சொன்னால்கூடப் போதும், அப்பாவை அவருடைய ஆட்களிடமே திருப்பிக் கொண்டுபோய்விடலாம். "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான்.

அவள் முந்திக்கொண்டாள். "எனக்கும் இங்கியே எடம் சொல்லிட்டேன்டா. நீ இங்க வேலைக்கு வந்துட்டா ஒனக்கு ஆக்கிப் போட்டுக்கினு, அவரயும் பாத்துக்கினு கெடப்பேன். அந்த வூட்ல தனியா இன்னா பண்ணுவேன்?"

எட்வினுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவுக்காக அழுகிறான் என்று சித்தப்பா தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் மேகம் இறங்கி மேடை, மரம், வேன் எல்லாவற்றையும் மூடிவிட்டது. வழக்கமாக இந்த மலையில் அப்படித்தான்.

கயிறு பிடித்தவர்கள் காத்திருந்தார்கள். அம்மா கேட்டாள்: "கால்மாடு எந்தப் பக்கம்டா வெக்கணும்? உயிர்த்தெழுற அன்னிக்கி மொத மொதல்ல நீ கட்டறதுதான் கண்ணுல படணும்னாரு."

எட்வின் கையைத் தூக்கி, ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள் ஒரு பக்கமாகக் காட்டினான். பெட்டியை அந்தப் பக்கம் திருப்பி இறக்கினார்கள்.