எந்த டிஸ்க் ஜெயிக்கும்?

புது வீடியோ டிஸ்க் இரண்டு வகையாக வந்து, கடைகளில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. ஒன்றைத் தயாரித்த கம்பெனியில் கணவனும் மற்றதைத் தயாரித்த கம்பெனியில் மனைவியும் இருந்தார்கள். படக் கம்பெனிகளைத் தங்கள் பக்கம் இழுப்பதுதான் இருவருக்கும் வேலை.

எந்தப் பக்கமும் சேராமல் மிச்சமிருந்த ஒரே பெரிய படக் கம்பெனி இருவரையும் ஒரே நாளில் அழைத்தது. ஒரே காரில்தான் போனார்கள். வழியெல்லாம் மகளின் பல்வலியைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

அவள் பேசி முடித்ததும் அவன் உள்ளே போனான். மத்தியானம் முடிவு தெரிந்தது. ஜெயித்தது அவன் பக்கம்.

அவள் முன்னாலேயே வந்து காரில் உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஏறினான்.

“சிரிச்சிடுங்க. அடக்கி வச்சா பாக்க சகிக்கல.”

“நீதான் நல்லா பேசினேன்னு அவங்களே சொன்னாங்க.”

“அப்புறம் ஏன் உங்க பக்கம் சாஞ்சாங்களாம்?”

“எங்க டிஸ்க்ல நிறைய அடங்குதாம்.”

“கல்யாணமான நாள்லேருந்து உங்க பக்கத்துப் பெருமையைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அடுத்த சிக்னலில் அவள் கண் கலங்கிவிட்டது. அவன் ஒரு டிஸ்க் கடை முன்னால் காரை நிறுத்தி இறங்கினான். திரும்பி வரும்போது இரண்டு கையும் நிறைய டிஸ்க். எல்லாம் அவள் கம்பெனி வகை.

“இனிமே இதை யாரும் சீண்ட மாட்டாங்க. எதுக்கு இத்தனை?”

“மூணு வருஷமா இதுக்காக ஓடினே. நம்ம வீட்லயாவது இது ஓடட்டும்.”

அவள் மேலே இருந்ததை எடுத்துப் பார்த்தாள்.

“இது படு மொக்கைப் படம்.”

“தெரியும்” என்றான். “உன்கூட உக்காந்து பாத்துடுவேன்.”