பச்சை ஸ்வெட்டர்

எங்கள் பல்கலைக்கழகக் கம்பைலர் திட்டும். அட்டைகளில் துளையிட்டுக் கொடுக்கும் சூத்திரங்களை எந்திரத்துக்குப் புரியும் எண்களாக மாற்றுவதுதான் அதன் வேலை. வசவு, கம்பைலரை எழுதிய ஹாலிஸ் சேர்த்துவிட்டுப் போனது. கமா விட்டுப்போனால் அச்சுப்பொறி, "கமா எங்கடா, கழுதை?" என்று கேட்கும். ஹாலிஸ் ஜனவரியில் உறைந்த ஏரிமேல் நடந்தபோது பனிக்கட்டி உடைந்து செத்துப்போனான். நான் வந்து சேர்ந்தது மார்ச்சில்.

"திங்கட்கிழமை வாஷிங்டன்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க, வெண்டல். அவங்க முன்னாடி அது வாயைத் திறந்தா உனக்குப் பட்டம் கிடையாது" என்றார் பேராசிரியர் கஸ்டாஃப்சன்.

கம்பைலரும் அட்டைகளில் எழுதியதுதான்; அதிலிருந்து வசவு அட்டைகளை உருவிக் குப்பையில் போட்டேன். மிச்சத்தைப் பழைய கம்பைலரிடமே கொடுத்தேன். புதியதைப் பெற்றுத் தருவது எப்போதும் பழையதுதான். பிறந்ததைச் சோதிக்க வேண்டுமென்றே ஒரு கமாவை விட்டேன்.

"கமா இல்லை" என்று மரியாதையாக அச்சானது. அதற்குக் கீழே: "வெண்டல், அந்தப் பச்சை ஸ்வெட்டர் என்னுது."

கொக்கியில் சும்மா தொங்குகிறதே என்று எடுத்துப் போட்டிருந்தேன்.

எந்திரத்தை இயக்கும் லொரைன், ஹாலிஸின் அக்கா. தாளைப் பார்த்தாள், பிறகு என்னை.

"கழட்டு."

"இந்த வரி எந்த அட்டையிலயும் இல்ல, லொரைன்."

"பழசுக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பான். அது தன்னையே பெத்துக்கறப்போ இதையும் சேர்த்துப் பெத்திருக்கும்."

"நான் ஸ்வெட்டரை எடுப்பேன்னு அவனுக்கு ஜனவரியிலேயே தெரியுமா?"

அவள் அந்த வரியை விரலால் தடவினாள். "இதை அழிச்சிடப் போறியா?" என்றாள்.

"பட்டம் வேணுமே."

"தப்பில்லாம எழுதினா அது பேசாது."

"நான் அப்படி எழுதினதே இல்ல."

"தெரியும். நான் பார்த்துத் தர்றேன். அழிக்காதே."

திங்களன்று நான் எழுதி அவள் திருத்திய அட்டைகள் உள்ளே போயின. விடை வந்தது. விருந்தினர்கள் கைதட்டினார்கள். அச்சுப்பொறி மட்டும் இன்னொரு வரி நகர்ந்தது: "தப்பே இல்ல. இது வெண்டல் எழுதினதில்ல. யாரு பார்த்துக் கொடுத்தது?"

லொரைன் தாளைக் குறுக்கே கிழித்து, மேல்பாதியை அவர்களிடம் கொடுத்தாள். கீழ்ப்பாதி அவள் பைக்குள் போனது. எனக்குப் பட்டம் உறுதியானது.

எல்லோரும் சாப்பிடப் போனதும் அவள் ஓர் அட்டையில் துளையிட்டாள்: "நான்தான்டா." முதல் கட்டத்தில் C. அந்த எழுத்துள்ள அட்டை மனிதர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்பு; கம்பைலர் அதைப் படிக்காமல் தாண்டிவிடும்.

அதை எந்திரம் அட்டைகளை இழுக்கும் தட்டில் வைத்தாள். கம்பைலர் அதைப் படிக்காது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அச்சுப்பொறி ஓடத் தொடங்கியிருந்தது.